பொன்னுக்கு வீங்கி என்று சொன்னவள்

ஜூன் 11, செவ்வாய்

இந்த நோட்டு இதற்காகக் கொடுக்கப்பட்டதில்லை. காய்ச்சல் எத்தனை, தண்ணீர் எத்தனை டம்ளர், வாந்தி எத்தனை முறை, வெளிக்குப் போனாளா இல்லையா, இவற்றை எழுதத்தான் வார்டில் கொடுத்தார்கள். முன்பக்கம் அதைத்தான் எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து இதை ஆரம்பிப்பதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு வாயில் வராதது கையில் கொஞ்சம் வரும். கல்லூரியிலும் அப்படித்தான். வாய்மொழித் தேர்வில் பூஜ்யம், பேப்பரில் எழுபத்தெட்டு.

நாங்கள் பள்ளிபாளையம். தறி ஓட்டுகிற குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான், பி.எஸ்சி. வேதியியல். அதனால் மின்சார அட்டை முதல் மாத்திரை அட்டை வரை எல்லாம் என் கைக்குத்தான் வரும். இப்போது அக்கா கோகிலாவுக்குத் துணையாகக் கோயமுத்தூரில், இந்த ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அக்கா மகள் தர்ணிகாவுக்கு ஆறு வயது. இடது காதுக்குக் கீழே, தாடையோரம், கட்டி.

ஏப்ரலில் வீக்கம் தெரிந்தபோது பொன்னுக்கு வீங்கி என்று முடிவானது. எங்கள் பக்கம் பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள், பொன் பட்டால் வீக்கம் வடியும் என்று. அக்கா தன் சங்கிலியைக் கழற்றி இரண்டு மடிப்பாகப் போட்டுவிட்டாள். வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டோம். ஊசி போட்டால் அம்மன் கோபிப்பாள் என்றார்கள். ஆறு வாரம் போயிற்று. யார் முடிவு செய்தது என்பது இப்போது முக்கியமில்லை.

டாக்டர் ஸ்வாகதா ஒடிசாக்காரர். தமிழ் இன்னும் பிடிபடவில்லை. நேற்று அவர் அறையில், "யாரு படிச்சது?" என்று கேட்டார். அக்காவும் அவள் வீட்டுக்காரர் சம்பத் மாமாவும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். அவர் ஆங்கிலத்தில் ஐந்தாறு நிமிடம் பேசினார். நான் தமிழில் ஒரு நிமிடத்தில் சொன்னேன். "தசையில வர்ற கட்டியாமா. அபூர்வமா வருமாமா. ஊசி மருந்து போடோணும். நாளாகும், ஆனா கேக்கும்."

டாக்டர் என்னையே பார்த்தார். "ஃபினிஷ்?" என்றார். தலையாட்டினேன்.

சம்மதப் படிவம் தமிழில்தான் இருந்தது. மாமாவுக்கு வேகமாகப் படிக்க வராது. கையெழுத்துப் போடும் இடம் பளிச்சென்று தெரியட்டும் என்று தாளை மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பாப்பாவின் முகத்தை முன்னாலிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார்கள். எதற்கு?

ஜூன் 12, புதன்

தூங்கும்போது பாப்பாவின் இடது கண் முழுதாக மூடுவதில்லை. வெள்ளை தெரிகிறது. பிலோமினா சிஸ்டர் களிம்பு வைத்து டேப் ஒட்டினார். "இது எப்பத்திலிருந்து?" என்று கேட்டார். அக்கா குளிக்கப் போயிருந்தாள். தெரியாது என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

டாக்டர் பின்னால் ஏழு பேர் வந்தார்கள். எல்லோரும் மாணவர்கள். பாப்பா அவர்களுக்கு வால் டாக்டர்கள் என்று பெயர் வைத்திருக்கிறாள். ஒவ்வொருவராக வந்து அவள் தாடையைத் தொட்டார்கள். "ஈ காட்டு, கண்ண இறுக்கி மூடு, கன்னத்த உப்பு" என்றார்கள். அவள் உப்பினால் இடது பக்கம் காற்று போய்விடுகிறது. அது அவளுக்கே சிரிப்பாக இருக்கிறது. வலது பக்கம் மட்டும் சிரிக்கிறாள்.

ஒரு மாணவி இன்னொருத்தியிடம் 'ரேர்' என்று முணுமுணுத்தாள். சொல்லும்போது அவள் கண் மின்னியதைப் பார்த்தேன். அபூர்வமான பொருள் கைக்கு வந்தால் யாரும் லேசில் விட மாட்டார்கள். இவர்கள் பார்ப்பது பாப்பாவையா, கட்டியையா?

சிஸ்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த வார்டுல ஒரு சட்டம்மா. குழந்தைங்க காதுபட நோயோட பேரு சொல்லக் கூடாது. கட்டின்னு சொல்லுங்க, போதும். இங்க எல்லாருமே அப்படித்தான்."

நல்ல சட்டம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

மாமா வந்தார். வாரத்தில் ஆறு நாள் தறி, ஞாயிறு மட்டும் பஸ். பாப்பாவின் தாடையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், தறிப் பாவில் நூலின் இழுவை பார்ப்பதுபோல.

"ஏனம்மிணி, என்ன சொல்றாங்க?"

"மருந்து ஏறுதுங்க மாமா."

"எத்தன நாளைக்கு?"

"சித்தெ நாளாகுமுங்க."

"சித்தென்னா எத்தன? பதினஞ்சு வருசம் படிக்க வெச்சு, ஒரு கணக்குச் சொல்ல மாட்டீங்குது புள்ள."

"சித்தி வாயத் தொறந்தா உள்ள ஈ பூந்துக்கும்ப்பா, அதான் பேசாது" என்றாள் பாப்பா. பக்கத்துக் கட்டிலில் இருந்த அன்னூர்க்காரம்மாகூடச் சிரித்துவிட்டார். நான் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

திரும்பி வரும்போது மாமா லிப்ட் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாண்ணா, கேட்டுப் பாக்கறேன்" என்றார். என்னைக் கண்டதும் நிறுத்தினார். தன் அண்ணனிடம், எங்கள் பெரிய மாமாவிடம், எதைக் கேட்டுப் பார்க்கிறார்?

ஜூன் 17, திங்கள்

இரண்டாவது வார ஊசி. நான்கு முறை வாந்தி. தாடை வலிக்கிறது என்று அழுதாள். அது கட்டியின் வலி இல்லை, மருந்தின் வலி என்று சிஸ்டர் சொல்கிறார். இரண்டு வலிக்கும் வித்தியாசம் இவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 25, செவ்வாய்

டாக்டர் பழைய விவரமெல்லாம் மறுபடி கேட்டார். ஏற்கெனவே கேட்டதை ஏன் மறுபடி கேட்கிறார்? போலீஸ்காரர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

சிரிப்பு எப்போது கோணியது என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அக்காவிடம் தமிழில் கேட்டேன். "மே கடைசியில" என்றாள். 'மே எண்ட்' என்று சொன்னேன். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல்கூட விடவில்லை.

சாயங்காலம் என் போனில் ஏப்ரல் 21ஆம் தேதி போட்டோக்களை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றினேன். அன்று பாப்பாவின் பிறந்தநாள். நிறைய இருப்பதால் போனில் இடம் அடைக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற விடுதியில் ஒரு அறையில் இருக்கிறோம். அன்னூர்க்காரம்மா எதிர் அறை. அவர் மகனுக்கு வயிற்றில்.

காலையில் தலையணை முழுக்க முடி. அக்கா ஒன்றும் சொல்லாமல் கத்தரியை எடுத்து வந்து மீதியையும் வெட்டினாள். பாப்பா கண்ணாடி கேட்டாள். பார்த்துவிட்டு, "பழனிக்குப் போகாமயே மொட்ட" என்றாள்.

நான் அக்காவிடம் மருந்தால்தான் முடி கொட்டுகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். "தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும்?

மத்தியானம் துணி காயப்போடும் இடத்தில் அக்காவும் அன்னூர்க்காரம்மாவும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா ஈரத்துணியை உதறத் தொடங்கிவிட்டாள், ஏற்கெனவே உதறிய துணியை. பிறகு அறைக்கு வந்து கேட்டாள்:

"கெமிஸ்ட்ரின்னா மருந்தெல்லாம் படிப்பீங்களா ரஞ்சி?"

"கொஞ்சம்."

"அப்ப இந்த ஊசி எதுக்குப் போடறதுன்னு உனக்குத் தெரியும்."

"அவ்வளவெல்லாம் தெரியாதுக்கா."

"ம்" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து எதற்கும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பவள், கடந்த ஒரு மாதமாக எதுவுமே கேட்பதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஜூலை 21, ஞாயிறு

வீக்கம் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. மாமா பெருவிரலால் தேடிப் பார்த்தார். "அட, எங்கடி போச்சு உன்ற கட்டி?" என்றார். "வால் டாக்டருங்க தொட்டுத் தொட்டுக் கரைஞ்சு போச்சுப்பா" என்றாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சிஸ்டர் திட்டுகிறவரை இறக்கவில்லை.

அவர் சந்தோஷம் எனக்கு ஏன் பயமாக இருக்கிறது?

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காவிரியில் தண்ணீர் வந்திருக்கிறதாம். இரத்த அணு குறைவு, தனி அறை. யாரும் வரக் கூடாது. காய்ச்சல் 101.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாமா கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றுவிட்டுப் போனார். காய்ச்சல் 100.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று பாப்பாவைப் பற்றி ஒரு கூட்டம். அறைக்குள் பத்துப் பேர் போனதை எண்ணினேன். காது மூக்கு தொண்டை, கதிர், பல், கண், இன்னும் யார் யாரோ. சுவரில் பாப்பாவின் முகம் பெரிதாகத் தெரிந்தது. ஜூன் மாதம் எடுத்த அதே போட்டோ. கதவு சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். சண்டை போடுவதுபோல் கேட்டது. இவ்வளவு பேர் கூடி எதை மறைக்கிறார்கள்?

முடிந்ததும் டாக்டர் ஸ்வாகதா என் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். ஒரு தாளில் காதை வரைந்தார். காதுக்குக் கீழே கட்டி. கட்டியின் ஊடாக ஐந்து கோடுகள், உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவதுபோல. அதுதான் முகத்தை அசைக்கிற நரம்பாம். வெட்டி எடுத்தால் நரம்பும் போகும், பிறகு இடது பக்கம் என்றைக்கும் சிரிக்க முடியாது. அறுவைக்காரர் வெட்டலாம் என்றாராம், இவர் வேண்டாம் என்றாராம். கடைசியில் கதிர்வீச்சு என்று முடிவு, இங்கே எல்லோரும் கரண்ட் என்பது. இருபத்தெட்டு நாள். செப்டம்பர் 2, திங்கள்கிழமை ஆரம்பம்.

எதற்குப் பத்துப் பேர் என்று கேட்டுவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இது: இந்த இடத்தில் இந்தக் கட்டி வந்த குழந்தையை இந்த ஆஸ்பத்திரியில் இதற்கு முன் மூன்று முறைதான் பார்த்திருக்கிறார்கள். குறைவாகப் பார்த்த நோயில் ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் தப்பாகிவிடும். போட்டோ எடுத்ததும் அதற்குத்தான், மாதா மாதம் ஒப்பிட, வேறு ஊர் டாக்டர்களிடம் காட்டிக் கேட்க.

நான் நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தமிழில் சொன்னார்: "கண்ணுக்கு போச்சு. உள்ள இருக்கு. கரண்ட் இல்ல, திரும்ப வரும்." பிறகு, "அப்பாவுக்கு எல்லாம் தெரியும், இல்ல?" என்றார்.

"தெரியும்" என்றேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சிஸ்டர் மாமாவிடம் தேதிச் சீட்டைக் கொடுத்துவிட்டார்.

"கரண்டா?" மாமா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டிதான் போயிருச்சே, இன்னும் எதுக்குக் கரண்டு?"

நான் பாப்பாவின் ஸ்வெட்டரில் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பனுக்கு வாயில வந்துச்சே, ரஞ்சி, நீ அப்ப சின்னப் புள்ள. கரண்டு வெச்சாங்க. வாயெல்லாம் வெந்து, தண்ணிகூட முழுங்க முடியாமப் படுத்தாரு. இருபதாம் நாளு நானும் அண்ணனும் தூக்கிட்டு வந்துட்டோம். ஊட்டுல வந்துதான் போனாரு. அவருக்கு அந்த நோவு, சரி. இவளுக்கு வெறுங்கட்டிதான?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏம் ரஞ்சி, உன்னத்தான். இவளுக்கு அந்த நோவு இல்லீல்ல?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இப்போது நினைவில்லை. மாமாவுக்கு வேண்டிய பக்கம் ஆட்டியிருப்பேன் போலிருக்கிறது, அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"அப்ப முடிஞ்சுது. அபூர்வம் அபூர்வம்னு புள்ளைய வெச்சுப் படிச்சுப் பாத்துட்டாங்க. வர்ற ஞாயித்துக்கெழம அண்ணனோட வேன் எடுத்துட்டு வாரேன். துணிமணியெல்லாம் கட்டி வெச்சுருங்க. ஊட்டுக்குப் போலாம்."

பாப்பா கைதட்டினாள்.

அபூர்வம் என்பதால்தான் விட மாட்டேன் என்கிறார்கள் என்று நானும் ஜூன் மாதம் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். இன்று அதே வார்த்தையை மாமா வாயில் கேட்டபோது எழுந்து நின்று இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றாவது பொத்தானைத் தப்பான துளையில் போட்டிருந்தேன். அதைக் கழற்றினேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கதிர் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு ஒரு வலைமூடி செய்தார்கள். வெந்நீரில் போட்டால் இளகுகிற தகடு. முகத்தில் வைத்து அழுத்தினால் மூக்கு, நெற்றி, தாடை எல்லாம் அச்சாக விழுகிறது. தினமும் மயக்கம் கொடுத்துத்தான் கதிர் வைப்பார்களாம். ஆனால் மூடி செய்யும்போது பாப்பா விழித்துக்கொண்டே படுத்திருந்தாள். முடிந்ததும், "இத மாட்டிக்கிட்டா திருடங்கூடப் பயந்துக்குவான்" என்றாள். கன்னத்தில் வலை வலையாகக் கோடு.

அவளைத் தூங்க வைத்துவிட்டு அக்கா என்னை வெளியே கூப்பிட்டாள்.

"அவருகிட்ட நீ சொல்லவே இல்லீல்ல?"

"எதக்கா?"

"நடிக்காத ரஞ்சி."

பாப்பா விழித்துவிடுவாளோ என்று அறைக் கதவைச் சாத்தினேன்.

"எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்டி. நீ மடிச்சுப் புடிச்ச தாளு ஃபைல்லதான இருக்குது? எட்டாவது வரைக்கும் நானும் பள்ளிக்கொடம் போனவதான். மடிப்பப் பிரிச்சாப் புற்றுநோய்னு கொட்ட எழுத்துல போட்டிருக்குது. அன்னூர்க்காரம்மா தோள்ல ஒரு வாரம் அழுதேன். நீ டாக்டருகிட்டப் பேசிக்கிட்டு இருப்ப, நான் அங்க அழுதுக்கிட்டு இருப்பேன்."

"என்கிட்ட ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிப்போடுவியே, அதான்."

ஜூலையிலிருந்து அக்கா என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் பயந்திருக்கிறாள், அவ்வளவுதான். நானும் அவளும் ஒரே தாளின் இரண்டு மடிப்புக்குள் தனித்தனியே உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

"அவருகிட்டச் சொன்னா அப்பனக் கூட்டிட்டு வந்த மாதிரி கூட்டிட்டு வந்துருவாரோன்னு பயம்" என்றாள். "இப்பச் சொல்லாட்டியும் கூட்டிட்டுத்தான் போறாரு. எனக்கு ஒண்ணும் ஓடல. நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. 'ரஞ்சி இல்லேன்னுச்சே'ம்பாரு."



ஆகஸ்ட் 29, வியாழன்

யார் முடிவு செய்தது என்பது முக்கியமில்லை என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். இன்று அதைப் படித்தேன். அது பொய்.

பிறந்தநாள் அன்று வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அக்காதான் வீக்கத்தைக் காட்டினாள். பெரிய மாமா ஈரோட்டில் காட்டிவிடலாம் என்றார். மாமா, "ரஞ்சி என்ன சொல்லுது, கேளுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனில் 'காதுக்குக் கீழ் வீக்கம் குழந்தை' என்று தேடினேன். முதலில் வந்ததைப் படித்தேன். "பொன்னுக்கு வீங்கிதான். தானா சரியாயிரும்" என்றேன். பெரிய மாமாகூடச் சரி என்றார். அந்த வீட்டில் நான் சொல்லி எல்லோரும் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

பத்து நாளில் தெரிந்துவிட்டது. பொன்னுக்கு வீங்கி என்றால் காய்ச்சல் வரும், மெல்லும்போது வலிக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் வீங்கும், பத்து நாளில் வடியும். இவளுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஒரு பக்கம் மட்டும், தொட்டால் கல். பிறந்தநாள் போட்டோவிலேயே சிரிப்பு கோணியிருக்கிறது. கேக் வெட்டுகிற போட்டோ, பதினேழாவது. மே முதல் வாரம் அவள் மத்தியானம் தூங்கும்போது இடது கண் மூடவில்லை. பார்த்தேன். விசிறியை நிறுத்திவிட்டுக் குனிந்து நன்றாகப் பார்த்தேன். கழுத்தில் சங்கிலி இருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் நான் சொன்னது தப்பு என்றாகிவிடும். அக்காவே பார்த்துப் பயந்து இங்கே கொண்டுவரும்வரை இன்னொரு மாதம் ஓடியது.

டாக்டர் அறையில் அந்தப் பெயரைக் கேட்டதும் அதே வாய்தான் மறுபடி அடைத்துக்கொண்டது. 'மசில் கேன்சர்' என்றார். 'பத்துக் குழந்தைகளில் ஆறேழு பேர் பிழைக்கிறார்கள், ஊசியும் கதிரும் இரண்டும் முடித்தால்' என்றார். 'சீக்கிரம் வந்திருந்தால் நல்லது, இப்போதும் வழி இருக்கிறது' என்றார். முதல் பாதியை விட்டேன். கடைசிப் பாதியில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று மாதமாக டாக்டரைச் சந்தேகப்பட்டேன், வால் டாக்டர்களை, சிஸ்டரின் கேள்விகளை, மாமாவின் போனை, அக்கா துணி உதறியதை. இந்தக் கட்டிடத்தில் விஷயத்தை மறைத்தவள் யார் என்று தேடினால் என் பெயர்தான் வருகிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி. பாப்பா தன் பொம்மைகளைப் பையில் கட்டிவிட்டாள். ஊருக்குப் போகிறோமாம்.

மாமாவுக்குப் போன் செய்தேன். தறிச் சத்தத்துக்கு மேல், "சொல்லு கண்ணு" என்று கத்தினார். "ஒண்ணுமில்லீங் மாமா" என்றேன்.

ஆகஸ்ட் 31, சனி

பிலோமினா சிஸ்டருக்கு,

காலையில் நோட்டை வாங்கும்போது நீங்கள் முன்பக்கம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள். இன்று பின்பக்கத்தைத் திறந்து இந்தத் தாளைச் செருகி வைத்திருக்கிறேன். தயவுசெய்து ஜூன் 11இலிருந்து படியுங்கள். டாக்டர் மேடத்துக்கும் படித்துச் சொல்லுங்கள். உங்களைப் பற்றித் தப்பாக எழுதியவற்றையும் விடாமல் சொல்லுங்கள்.

ஃபைலில் திருத்த வேண்டியது: சிரிப்பு கோணியது மே கடைசியில் இல்லை, ஏப்ரல் 21க்கு முன்பே. கண் மூடாதது மே முதல் வாரத்திலிருந்து. போட்டோ என்னிடம் இருக்கிறது.

தர்ணிகாவின் அப்பாவுக்கு இது என்ன நோய் என்று தெரியாது. கதிர் எதற்கு என்றும் தெரியாது. அவருடைய அப்பா கதிர் வைத்து நடுவில் நிறுத்தி இறந்தவர். அதனால் அவர் கெட்ட எண்ணத்தில் கூட்டிப் போகவில்லை. பிள்ளை சரியாகிவிட்டாள் என்று நினைத்துத்தான் கூட்டிப் போகிறார். நாளை பதினொரு மணிக்கு வேனோடு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கு விடுமுறை என்று தெரியும். ஆனாலும் வரச் சொல்லுங்கள். வார்டில் வேண்டாம், குழந்தைகள் இருக்கிறார்கள். டாக்டர் அறையில் மாமாவையும் அக்காவையும் உட்கார வைத்து, டாக்டர் சொல்வதை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். நோயின் பெயரோடு சொல்லுங்கள். பத்தில் ஆறேழு என்பதைச் சொல்லுங்கள். நிறுத்தினால் திரும்ப வரும் என்பதைச் சொல்லுங்கள். அவர் அப்பாவுக்கு வைத்த கதிருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், வாய் எவ்வளவு புண்ணாகும், எத்தனை நாளில் ஆறும், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நறநறவென்று பல்லைக் கடிப்பார், ஆனால் கேட்டுக்கொள்வார். கணக்காகச் சொன்னால் அவருக்குப் பிடிக்கும். என் வாய் வழியாக மட்டும் வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

எல்லாம் சொல்லி முடித்ததும் மாமா என் பக்கம் திரும்பி, "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்பார். அப்போது நான் பேசாமல் நிற்பேன். நீங்கள் இரக்கப்பட்டு எனக்காகப் பதில் சொல்லிவிடாதீர்கள். அக்காவையும் சொல்ல விடாதீர்கள். அதை நான்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பேச்சு வர ரொம்ப நேரம் ஆகும், சிஸ்டர். நான் வாயைத் திறக்கிறவரை, தயவுசெய்து யாரையும் அந்த அறையை விட்டு வெளியே போக விடாதீர்கள்.

சிவரஞ்சனி